அந்தக் கல்லை எந்த மேடையில் ஏற்றி எடை போட்டார்கள்?

2024 ஜூன் 2. கேள்வி, பணகுடியிலிருந்து ஒரு தம்பி

அண்ணாச்சி, டிங்கினேஷ் என்ற சிறுகோளைப் பற்றிப் படித்தேன். முக்கால் கிலோமீட்டர்கூட வராத ஒரு கல். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.4 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். விண்கலம் அதில் இறங்கவே இல்லை, சும்மா கடந்து போயிருக்கிறது. அப்புறம் எடை எப்படித் தெரியும்? நம்ம ஊர்க் கருங்கல்லே 2.7 என்று நீங்கள்தான் முன்னே சொன்னீர்கள். அப்படியானால் இது கருங்கல்லைவிட லேசான கல்லா? எனக்கென்னவோ குத்துமதிப்பாக அடித்துவிட்ட மாதிரிதான் தெரிகிறது.

ஜூன் 2, இரவு

அடித்துவிடவில்லை தம்பி. ராதாபுரம் பக்கம் ஒரு குவாரியில் எடை மேடைச் சீட்டு போட்டே பாதி வயதைக் கழித்தவன் நான். எடையில் யார் அடித்துவிடுகிறார்கள், யார் ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் மோப்பம் பிடிக்கத் தெரியும். இவர்கள் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள்.

முதலில் கதை. லூசி என்ற நாசா விண்கலம் 2021 அக்டோபரில் கிளம்பியது. அது போகிற வேலை வேறு, வியாழனின் பாதையில் இருக்கும் ட்ரோஜன் சிறுகோள்களைப் பார்க்க. வழியில் கேமராவைக் குறி தப்பாமல் திருப்பும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம் என்று 2023 ஜனவரியில்தான் டிங்கினேஷைப் பட்டியலில் சேர்த்தார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் பிரதானப் பட்டையின் உள்ஓரத்தில் சுற்றுகிற கல். 2023 நவம்பர் 1 அன்று நொடிக்கு நாலரைக் கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 430 கி.மீ. தள்ளி லூசி அதைக் கடந்தது. படம் வந்தபோது கூடவே ஒரு குட்டிக் கல் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் படத்தில் அந்தக் குட்டி ஒன்றாகத் தெரிந்தது. சில நிமிடம் கழித்து எடுத்த படத்தில் பார்த்தால் அது இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்று 210 மீட்டர், இன்னொன்று 230. ஒட்டிய இரட்டை ஒன்று இன்னொரு சிறுகோளைச் சுற்றுவதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

எடை மேடை அந்தக் குட்டிதான். கணக்கை நாளை போடுகிறேன், இப்போது கரண்ட் போகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 3

கணக்கு. பேப்பர் எடுத்துக்கொள்.

ஒன்றை இன்னொன்று சுற்றுகிறது என்றால், எவ்வளவு தூரத்தில், எத்தனை மணிக்கு ஒரு சுற்று என்கிற இரண்டும் தெரிந்தால் போதும், நடுவில் இருப்பதன் எடை வந்துவிடும். தூரத்தை மூன்று தடவை வைத்துப் பெருக்கு (அதன் கனம்), நேரத்தை இரண்டு தடவை வைத்துப் பெருக்கி (அதன் வர்க்கம்) அதால் வகு. நம்ம நிலாவை வைத்தே செய்யலாம், வேறு மாறிலி ஒன்றும் வேண்டாம். நிலா 3,84,400 கி.மீ. தூரத்தில் 27.3 நாளில் சுற்றுகிறது. செலாம் (அந்தக் குட்டியின் பெயர், யாரோ "சேலமா?" என்று கேட்டிருந்தார், இல்லை ஐயா) 3.1 கி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 53 மணி நேரத்தில் ஒரு சுற்று.

தூரம் 1,24,000 மடங்கு குறைவு. அதை மூன்று முறை பெருக்கினால் 19 கோடி கோடி. நேரம் 12.4 மடங்கு குறைவு, அதன் வர்க்கம் கிட்டத்தட்ட 155. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சுமார் 12.3 லட்சம் கோடி. அதாவது பூமியின் எடையை அதனால் வகுத்தால் டிங்கினேஷ் (குட்டியும் சேர்த்து). எனக்கு 49 கோடி டன் வந்தது. விஞ்ஞானிகள் போட்டிருப்பதும் அதேதான். நடைச்சீட்டின் பின்பக்கம் போட்ட கணக்கு அவர்களோடு ஒத்துப்போனதில் எனக்கு ரொம்ப நேரம் சந்தோஷம்.

49 கோடி டன் என்றால் டாரஸ் லாரிக்கு லோடு 20 டன் வீதம் இரண்டரைக் கோடி லோடு. ஓவர்லோடு ஏற்றாமல் சொல்கிறேன்.

ஜூன் 3, சாயங்காலம்

"குட்டி எதற்கு, லூசி கடந்து போகும்போதே அந்தக் கல் லூசியை இழுத்திருக்குமே, அதை வைத்து எடை போட முடியாதா" என்று வள்ளியூரிலிருந்து ஒருவர். நல்ல கேள்வி. முடியும், பெரிய கல்லாக இருந்தால். 1997-இல் நியர் விண்கலம் மட்டில்டா என்ற சிறுகோளைக் கடந்தபோது அப்படித்தான் போட்டார்கள், ஆனால் மட்டில்டா 50 கி.மீ. அகலம். டிங்கினேஷ் இழுத்த இழுப்பில் லூசி எவ்வளவு விலகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். ஒரு வருஷம் முழுக்கப் பறந்த பிறகு, ஒரு மீட்டர். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மீட்டரை எங்கே போய்த் தேடுவது?

1991-இல் கலிலியோ விண்கலம் காஸ்ப்ராவைக் கடந்தது. கிட்டத்தில் படம் எடுக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான், இதே மாதிரி கல்வகைதான், 18 கி.மீ. நீளம். 1,600 கி.மீ. தள்ளிக் கடந்ததால் அதன் எடை கிடைக்கவில்லை, சுற்ற ஒரு குட்டியும் அதற்கு இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஐடா என்ற இன்னொரு சிறுகோளைக் கடந்தார்கள், அதற்கு டாக்டில் என்று ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு குட்டி இருந்தது. எடைக்கு வழி பிறந்தது. சிறுகோளுக்குத் துணைக்கோள் இருக்கிறது என்று படம் பிடித்து உறுதியானதும் அதுதான் முதல் தடவை.

ஜூன் 6

இப்போது தம்பியின் உண்மையான கேள்விக்கு வருகிறேன். லேசான கல்லா?

49 கோடி டன்னை அதன் கன அளவால் வகுக்க வேண்டும். 720 மீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வைத்தால் 19.5 கோடி கன மீட்டர். கூட்டிப் போட்ட எடையில் குட்டியின் எடையும் சேர்ந்திருக்கிறது, ஆக குட்டியின் கன அளவையும் சேர், ஒரு கோடி சொச்சம் வரும். 49-ஐ 20.6-ஆல் வகுத்தால் 2.4. அதுதான் நீ படித்தது.

கருங்கல் 2.7. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கருங்கல்லைவிட லேசு என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கல்லோடு ஒப்பிட வேண்டியது கருங்கல்லை இல்லை, விண்கல்லை. அங்கிருந்து இங்கே விழுகிற கல்வகை விண்கற்களைக் கையில் எடுத்து நிறுத்தால் 3.3 பக்கம் வரும், இரும்புத் துணுக்கு உள்ளே கலந்திருக்கும். 3.3 இருக்க வேண்டிய இடத்தில் 2.4 என்றால் மிச்சம் எங்கே போனது?

குவாரியில் வேலை பார்த்தவனுக்கு இது ஒரு நொடியில் புரியும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. நூறு கன அடி முழுப் பாறையாக இருந்தால் ஏழரை டன்னுக்கு மேல் நிற்கும். அதையே உடைத்து முக்கால் ஜல்லியாகக் கொட்டினால் யூனிட் நாலரை டன்தான். கல் அதே கல். நடுவில் காற்று. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எடைக் கணக்கில் வாங்கி யூனிட் கணக்கில் அளந்து பார்த்துவிட்டு வந்து சண்டை போடுவார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைத்தே எனக்குத் தொண்டை போயிருக்கிறது.

டிங்கினேஷும் குவியல்தான். உள்ளே கால் பங்குக்கு மேல் வெற்றிடம். முழுப் பாறைக்கும் ஜல்லிக் குவியலுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது, பெரிய குண்டுக்கல்லும் சின்னக் கல்லும் தூளும் கலந்து கொட்டிய குவியல் என்று வைத்துக்கொள். தூள் சேரச் சேர இடைவெளி அடையும், அடர்த்தி ஏறும்.

ஜூன் 6, பின்குறிப்பு

முழு ஜல்லிக் குவியல் கணக்கு பார்க்க வேண்டுமானால் இட்டோகாவா என்ற சிறுகோளைப் பார். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005-இல் போய் இறங்கியது. அரைக் கிலோமீட்டர் நீளம், அடர்த்தி 1.9, உள்ளே வெற்றிடம் 40 சதவீதம். எங்கள் கிரஷரில் கொட்டிய குவியலும் ஏறக்குறைய அதே சதவீதம்தான். இதை முதலில் பார்த்தபோது இரண்டு தடவை கணக்குப் போட்டேன்.

ஜூன் 9

திசையன்விளையிலிருந்து வந்த ஆட்சேபம்: "விண்வெளியில் எடையே கிடையாது, அப்புறம் எப்படி 49 கோடி டன்?"

எடை வேறு, நிறை வேறு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது ஞாபகம் இருக்கும். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் எடை என்றுதான் சொல்கிறேன், சீட்டுப் போட்டவன் வாய் அப்படித்தான் வரும். டிங்கினேஷின் மேல் நின்றால் ஈர்ப்பு நம்மூரில் இருப்பதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. எழுபது கிலோ ஆள் அங்கே இரண்டு கிராமுக்கும் குறைவு. இருபது டன் லோடை நம்ம மேடையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்து நிறுத்தால் அரைக் கிலோ காட்டும். ஆனால் அந்த லாரியைத் தள்ளிப் பார், இருபது டன்னைத் தள்ளுகிற பாடு அப்படியே இருக்கும். மோதினால் நசுங்கத்தான் செய்வாய்.

தப்பிப் போகிற வேகம் நொடிக்கு நாற்பது சென்டிமீட்டர் சொச்சம். சாதாரணமாக நடக்கிற வேகத்தில் கால் வைத்தாலே ஆள் போய்விடுவான், திரும்ப வர மாட்டான். செலாம் சுற்றுகிற வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர். இவ்வளவு மெதுவாக ஒன்று இன்னொன்றைச் சுற்றிக்கொண்டே இருக்க முடியும் என்பது எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை.

ஜூன் 10

டிங்கினேஷ் மொட்டை மாடியிலிருந்து தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: தெரியாது. சின்னத் தொலைநோக்கியிலும் தெரியாது. சிறுகோள்களில் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடியது வெஸ்டா ஒன்றுதான், அதுவும் நல்ல இருட்டில், பூமிக்குக் கிட்டே வருகிற காலத்தில். இந்தச் சாரல் மாதத்தில் அதுவும் இல்லை, மேகம்.

ஜூன் 15

தூங்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். 2.4 என்று சொன்னேனே, அதன் பக்கத்தில் கூடக்குறைய 0.35 என்று போட்டிருக்கிறார்கள். ஏழில் ஒரு பங்கு. எங்கள் மேடையில் அந்த அளவு வித்தியாசம் வந்தால் முத்திரை போடுகிறவர்கள் அன்றைக்கே சீல் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் இந்த வித்தியாசம் எடையால் வருவதைவிடக் கன அளவால்தான் அதிகம் வருகிறது. லூசி பார்த்தது ஒரு பக்கம், வெளிச்சம் விழுந்த பக்கம். மற்ற பக்கம் ஊகம். விட்டம் 720-இல் 24 மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்கிறார்கள், அது மூன்றரைச் சதவீதம்கூட இல்லை, ஆனால் கன அளவுக்கு மூன்று தடவை பெருக்க வேண்டுமே, பிழையும் மூன்று மடங்காகிப் பத்து சதவீதம் ஆகிவிடுகிறது. டிப்பர் பாடியை அளந்து யூனிட் போடுகிறவனுக்கும் இதே தொல்லை. நீளத்தில் ஒரு விரல், அகலத்தில் ஒரு விரல், உயரத்தில் ஒரு விரல் விட்டுக்கொடு, கடைசியில் கால் யூனிட் காணாமல் போகும்.

ஆக 2.05 ஆகவும் இருக்கலாம், 2.75 ஆகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 3.3 இல்லை. குவியல் என்பதில் மாற்றமில்லை.

ஜூன் 22

படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் கட்டின மாதிரி ஒரு மேடு ஓடுகிறது. அதற்குக் குறுக்கே நீளவாக்கில் ஒரு பள்ளம். மேடு பள்ளத்தின் மேலேறிப் போகிறது, அதனால் பள்ளம் முதலில் வந்தது, மேடு பிறகு.

மேடு எப்படி வந்தது என்று விஞ்ஞானிகள் சொல்வது: வெயில். சூரியனால் சூடான கல் அந்தச் சூட்டைத் திரும்ப வெளியே விடும்போது துளியளவு உதைப்பு கிடைக்கிறது. கல் கோணல்மாணலாக இருப்பதால் உதைப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, மிச்சம் நிற்கிற துளி உதைப்பு கல்லைச் சுழற்றுகிறது. லட்சம், கோடி வருஷம் இப்படியே. குவியலாக இருக்கிற சிறுகோள் சுமார் 2.2 மணிக்கு ஒரு சுழற்சி என்ற வேகத்தைத் தாண்டினால் இடுப்பில் இருக்கிற கல் நிற்காது, கிளம்பிவிடும். சில கற்கள் திரும்ப விழுந்து மேடாகின்றன, சில வெளியே சேர்ந்து குட்டியாகின்றன. இப்போது டிங்கினேஷ் 3.7 மணிக்கு ஒரு சுழற்சி, அடங்கிவிட்டது.

பள்ளம் எனக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. தளர்வான ஜல்லியாக மட்டும் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வடிவம் மாறிக்கொண்டே இருந்திருக்கும். இங்கே ஒரு பெரிய துண்டு ஒரேயடியாக நகர்ந்த தடம் இருக்கிறது. அதாவது ஓரளவு தாங்கிப் பிடித்து, பிடித்து, பிறகு விட்டிருக்கிறது. உள்ளே ஏதோ பிடிமானம் இருக்கிறது. டிங்கினேஷைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

குட்டி ஏன் இரண்டு உருண்டை, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவில்? இதற்குச் சொல்லப்படுகிற விளக்கம் எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை. இரண்டு தடவை கல் சிதறி இரண்டு குட்டி பிறந்து பிறகு மெதுவாக ஒட்டியிருக்கலாம். சரி, ஒரே அளவு எதற்கு?

ஜூலை 1

"விண்கல் 3.3 என்று எதை நம்பிச் சொல்கிறீர்கள், டிங்கினேஷிலிருந்து கல் எடுத்து வந்தார்களா?"

இல்லை. நிறத்தை வைத்து. சிறுகோளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் ஆலிவின், பைராக்சீன் என்ற தாதுக்களின் அடையாளம் தெரியும். அப்படித் தெரிபவற்றை எஸ் வகை, கல்வகை என்று வைத்திருக்கிறார்கள். விழுகிற விண்கற்களில் பெரும்பாலானவை சாதாரணக் காண்ட்ரைட் என்ற ரகம், அவற்றிலும் அதே தாதுக்கள்தான். ஆனால் நிறம் கொஞ்சம் ஒத்துப்போகாமல் ரொம்ப காலம் தகராறு, சிறுகோள்கள் சற்றுச் சிவந்து தெரிந்தன. ஹயபுசா 2010 ஜூனில் இட்டோகாவாவின் தூசியைக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் தீர்ந்தது. மேல்தோல் சூரியக் காற்றில் அடிபட்டுச் சிவக்கிறது, உள்ளே அதே காண்ட்ரைட். அதில் எல்எல் என்ற, இரும்பு குறைந்த பிரிவு.

இதைச் சொல்லும்போது நம்ம பக்கத்துக் கதை ஒன்று. 1857 பிப்ரவரி 28 அன்று அப்போதைய மதுரை ஜில்லாவில் இரண்டு கல் விழுந்தது. விண்கல் பட்டியல்களில் பர்னல்லி என்று இருக்கும், அதில் கொடுத்திருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையைப் போட்டால் கமுதிக்குத் தெற்கே பெருநாழிப் பக்கம் வருகிறது, விளாத்திகுளத்துக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். மொத்தம் 78 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் எல்எல் பிரிவு. அதிலும் அதிகம் சூடுபடாத ரகம் என்பதால் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள் அழியாமல் இருக்கின்றன, சூரியக் குடும்பம் உருவான 456 கோடி வருஷத்துக்கு முந்தைய உருண்டைகள். உலகம் முழுக்க ஆய்வுக்கு எடுக்கிறார்கள். பெரிய துண்டைப் பார்க்க வேண்டுமானால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கரிசல் காட்டில் விழுந்ததைப் பார்க்க லண்டன்!

எல்எல் கற்கள் ஃப்ளோரா என்ற சிறுகோள் குடும்பத்திலிருந்து வருகின்றன என்று ஒரு வலுவான கருத்து உண்டு. மேலே சொன்ன காஸ்ப்ரா அந்தக் குடும்பம்.

ஜூலை 2

நம்ம மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற ராக்கெட் இன்ஜினால் அங்கே போக முடியாதா என்று பணகுடித் தம்பி. இந்தியா இதுவரை சிறுகோளுக்கென்று ஒன்றும் அனுப்பவில்லை. மற்றபடி மகேந்திரகிரிச் சத்தத்தைப் பற்றி என்னிடம் பேசாதே. அங்கே இன்ஜின் சோதனை நடந்து இங்கே ஜன்னல் அதிர்ந்தாலும் "குவாரிக்காரன் வெடி போட்டுட்டான்" என்று எங்கள் மேல்தான் புகார் வரும்.

ஜூலை 14

பட்டை முழுக்கக் கல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், லூசி எப்படித் தப்பியது என்று இன்னொருவர். சினிமாவை மறந்துவிடுங்கள். பட்டையில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் நம்ம நிலாவின் எடையில் நூற்றில் மூன்று நான்கு பங்குதான், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிஸ் என்ற பெரிய கல் ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மோதுவது இருக்கட்டும், ஒன்றின் கிட்டே போவதற்கே பாதையைத் திருப்ப வேண்டியிருந்தது.

2025 ஏப்ரல் 24

லூசி 20-ஆம் தேதி டொனால்ட்ஜோஹான்சன் என்ற சிறுகோளைக் கடந்துவிட்டது. நிலக்கடலை வடிவம், 8 கி.மீ. நீளம். இது கரிவகை, நம்ம கல்வகை இல்லை. வந்த படங்களில் குட்டி எதுவும் தெரியவில்லை. ஆக எடை இல்லை, படம் மட்டும். அடுத்தது 2027 ஆகஸ்டில் யூரிபேட்டிஸ் என்ற ட்ரோஜன் சிறுகோள், அதற்குக் குவெட்டா என்று ஒரு குட்டி இருக்கிறது. அந்தச் சீட்டுக்குக் காத்திருக்கிறேன்.

2025 ஏப்ரல் 27

பழைய இழையை நான் எழுப்பிவிட்டதில் ஒரு பயன். சாத்தான்குளம் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் கறுப்பாக ஒரு கல் கிடைத்தது, காந்தம் ஒட்டுகிறது, விண்கல்தானே, என்ன விலை போகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

காந்தம் ஒட்டுவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தேரி மண்ணிலேயே காந்தத்தை விட்டு எடுங்கள், கறுப்பாக மீசை முளைக்கும், உவரிக் கடற்கரை மணலிலும் அதே கதை. வெளியே குமிழிக் குழிகள் நிறைய இருந்தால் பெரும்பாலும் உலைக் கசடு. உடைந்த முகம் இருந்தால் அதைப் படமெடுங்கள். மேலே மெல்லிய கறுப்புத் தோல், உள்ளே வெளிறிய சாம்பல், அதில் கடுகளவு உருண்டைகளும் பளபளக்கும் இரும்புத் துணுக்கும் தெரிகிறதா பாருங்கள். ஒரு நூலில் கட்டித் தண்ணீரில் முக்கி அடர்த்தியும் பாருங்கள், காற்றில் ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை, நகைக்கடைத் தராசு இருந்தால் போதும், 2.7 வந்தால் என்னிடமே நிறைய இருக்கிறது. முக்கிய பிறகு உடனே துடைத்துக் காயவைத்துவிடுங்கள், நிஜமாக விண்கல்லாக இருந்தால் துருப்பிடிக்கும். விலை அப்புறம் பேசலாம், முதலில் எடையை அனுப்புங்கள்.